வாஷிங்டனை ஆட்டுவிக்கும் அழுத்தக் குழுக்கள்

அமெரிக்க அரசியலில் அழுத்தக் குழுக்கள் என்றதும் நமது வாசகர்களில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது இஸ்ரேலுக்கு ஆதரவான ஐபெக் அமைப்பேயாகும். அதில் வியப்பில்லை. காஸா யுத்தத்தைக் கண்டித்துவந்த பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ஜமால் போமனை 2024 ஆம் ஆண்டு உட்கட்சித் தேர்தலில் தோற்கடிப்பதற்கு, அவ்வமைப்பைச் சார்ந்த நிதியம் 14 மில்லியன் டொலர் வரை செலவிட்டது. எனினும், இக்குழுக்களின் பலத்தை முழுமையாக அறிய வேண்டுமாயின் அமெரிக்கர் உட்கொள்ளும் மாத்திரையின் விலையை நோக்குவதே பொருத்தமானது.

அரசிடம் முறையிடும் உரிமையை 1791 இல் நிறைவேறிய அமெரிக்க அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் உறுதிப்படுத்துகிறது. ஆசிரியர் சங்கமும் விவசாயிகள் அமைப்பும் கொங்கிரஸின் கதவைத் தட்டுவது அந்த உரிமையின் பேரில்தான். ஆனால், மத்திய அரசில் செல்வாக்குத் தேடுவதற்கு ஆண்டொன்றுக்கு 4 பில்லியன் டொலருக்கும் மேல் செலவிடப்படும் நிலையில், எல்லோருடைய தட்டலும் ஒரே அளவில் செவிமடுக்கப்படுவதில்லை.

2003 நவம்பர் 22 அதிகாலையில், முதியோருக்கான மெடிகெயார் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்க்கும் சட்டமூலம் பிரதிநிதிகள் சபையில் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. வழக்கமாகப் பதினைந்து நிமிடங்களில் முடியும் வாக்கெடுப்பு, பெரும்பான்மை கிடைக்கும்வரை ஏறத்தாழ மூன்று மணித்தியாலங்கள் நீடிக்கப்பட்டு, 220 க்கு 215 என்ற வாக்குகளால் நிறைவேறியது. மருந்து நிறுவனங்களுடன் மெடிகெயார் விலைபேசக் கூடாது என்ற தடையும் அதில் இடம்பெற்றிருந்தது. பணம் கொடுப்பவர் விலை கேட்கக் கூடாது என்று சட்டமியற்றிய விந்தை இது! இச்சட்டத்தை உருவாக்குவதில் முக்கிய பங்காற்றிய, சபையின் எரிசக்தி மற்றும் வர்த்தகக் குழுவின் தலைவர் பில்லி டோசின், 2005 இல் அதே மருந்து நிறுவனங்களின் சங்கத்துக்குத் தலைவரானார்.

2008 தேர்தல் பிரசாரத்தில் டோசினைச் சுட்டிக்காட்டி விளம்பரம் செய்த பராக் ஒபாமா, ஜனாதிபதியானதும் தமது சுகாதாரச் சீர்திருத்தத்துக்காக அவரது சங்கத்துடனேயே பேச வேண்டியதாயிற்று. பத்தாண்டுகளில் 80 பில்லியன் டொலர் சேமிப்புக்கு உதவுவதாகச் சங்கம் வாக்களித்தது. விலைபேசும் தடையோ 2010 ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே இருந்தது. உதவி ஜனாதிபதி கமலா ஹாரிஸின் வாக்கினால் 51 க்கு 50 என செனட்டில் நிறைவேறிய 2022 ஆம் ஆண்டுச் சட்டமே அத்தடையைத் தளர்த்தியது. முதல் பத்து மருந்துகளின் குறைந்த விலைகள் 2026 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தன. இடைப்பட்ட காலத்தில் எத்தனையோ முதியவர்கள் மருந்துக்கும் உணவுக்கும் இடையே ஒன்றைத் தெரிவுசெய்ய நேர்ந்தது.

இச்சந்தையில் வெளிநாட்டு அரசுகளும் வாடிக்கையாளர்களே. அவற்றுக்காகப் பணியாற்றுவோர் தம்மைப் பதிவுசெய்ய வேண்டும் என 1938 ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. வாஷிங்டனில் தனது தோற்றத்தைச் சீர்செய்வதற்காக 2014 இல் இலங்கை அரசு இமாத் சுபேரி என்பவருக்கு 6.5 மில்லியன் டொலர் வழங்கியது. அதில் பெரும்பகுதியை அவர் தமது சொந்தத் தேவைகளுக்கே பயன்படுத்தியதாக அமெரிக்க நீதித் திணைக்களம் தெரிவித்தது. இது உள்ளிட்ட குற்றங்களை ஒப்புக்கொண்ட அவருக்கு 2021 பெப்ரவரியில் 12 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.