பிழைக்குறியீடும் உணரிச் சோதனையும்

மோட்டார் வாகனமொன்றில் எஞ்சின் எச்சரிக்கை விளக்கு ஒளிர்ந்ததும், வாசிப்புக் கருவியை இணைத்துப் பிழைக்குறியீட்டைப் பெறுகின்றோம். அக்குறியீட்டிற் பெயர் காணப்படும் உணரியை உடனே மாற்றியும் விடுகின்றோம். பணம் செலவாகின்றது, ஆயினும் சிலவேளை விளக்கு மீண்டும் ஒளிர்கின்றது. குறியீடு கூறுவது யாது என்பதை நாம் பிறழ விளங்கிக்கொள்வதே இதற்குக் காரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரிகள் முதல் இலகு வாகனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறையில், குறியீடு ஓர் எழுத்தையும் அதனைத் தொடரும் நான்கு இடங்களையும் உடையது. 'பீ' எனும் எழுத்து எஞ்சினையும் வலுச்செலுத்துகையையும் சுட்டும். அதனையடுத்த பூச்சியம், குறியீடு உற்பத்தியாளர் யாவர்க்கும் பொதுவானது என்பதைக் காட்டும்.

பீ0118 என்பதை உதாரணமாகக் கொள்வோம். குளிராக்கும் திரவத்தின் வெப்பநிலையை உணரும் சுற்றில் மின்னழுத்தம் மிகையாயுள்ளது என்பதே இதன் பொருள். இவ்வுணரி, வெப்பநிலை உயரத் தடை குறையும் இயல்பினது. கட்டுப்பாட்டுக் கணினி, தன்னகத்துள்ள தடையொன்றினூடாக 5 வோல்ற்றை அதற்கு வழங்கி, உணரிக்குக் குறுக்கேயுள்ள அழுத்தத்தை அளக்கின்றது. சுற்று அறுபடின் அவ்வழுத்தம் 5 வோல்ற்றை அணுகும். வாசிப்பு ஏறத்தாழ -40 பாகை செல்சியசைக் காட்டும். அறுபட்ட இடம் உணரியா, கம்பியா, இணைப்பியா என்பதைக் குறியீடு கூறாது.

அதனை அறியும் வழி எளிது. ஆளியை நிறுத்தி, உணரியின் இணைப்பியைக் கழற்றி, கம்பிப்பக்கத்து முனைகள் இரண்டையும் சிறு கம்பியொன்றால் தொடுத்து, ஆளியை மீண்டும் இட்டு வாசிப்பை நோக்குதல் வேண்டும். வெப்பநிலை மிகவுயர்ந்து காட்டுமாயின் கம்பிகளும் கணினியும் செவ்வனேயுள்ளன. குற்றம் உணரியிலோ அதன் தொடுகையிலோ உள்ளது. வாசிப்பு மாறாவிடின் புதிய உணரி பயன் தராது. இச்சோதனை இருகம்பி வெப்பநிலை உணரிக்கே உரியது. மூன்று கம்பி உணரிகளில் இதனைச் செய்தலாகாது.

பீ0171 இன்னும் நுண்ணியது. எரிபொருள் குறைந்த கலவையை அது அறிவிக்கும். இங்கு ஒட்சிசன் உணரி பெரும்பாலும் உண்மையே உரைக்கின்றது. அளக்கப்படாத வளி புகும் குழாய் வெடிப்போ, எரிபொருள் அழுத்தக் குறைவோ காரணமாயிருக்கலாம்.

தூதரைக் கொல்லுதல் முறையன்றென இராவணனுக்கு வீடணன் எடுத்துரைத்தமையை நாம் அறிவோம். உணரியும் ஒரு தூதனே. அதன் சொல்லைச் சோதித்தறிந்த பின்னரே அதனை நீக்கத் துணிதல் தகும்.