தெர்மாமீட்டருக்குக் குளிராது

கனடாவில் உள்ள டொராண்டோ நகரம். ஜனவரி மாதக் காலை. பள்ளிப் பேருந்துக்காகப் பிள்ளைகள் தெருமுனையில் காத்து நிற்கிறார்கள். அந்த ஊரில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம் என்பதால், அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. கிளம்புவதற்கு முன் வீட்டில் வானிலைச் செய்தியில் இரண்டு எண்கள் வந்திருக்கும்: வெப்பநிலை மைனஸ் 10 டிகிரி செல்சியஸ், விண்ட் சில் மைனஸ் 20. ஒரே தெரு, ஒரே நேரம். எதற்கு இரண்டு எண்?

வெளியே வைத்த தெர்மாமீட்டர் காட்டுவது முதல் எண். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசும்போது மூடாத முகம் உணரும் குளிர் இரண்டாவது எண். காற்று வீசாமல், வெறுமனே மைனஸ் 20 டிகிரியாக இருந்தால் முகத்துக்கு எவ்வளவு குளிருமோ, அவ்வளவு குளிர் இப்போதே தெரியும் என்பது அதன் பொருள்.

காற்று தன்னோடு குளிரைச் சுமந்துகொண்டு வருகிறது என்று பலரும் நினைக்கிறார்கள். நடப்பது வேறு. நாம் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து உடம்பு ஓயாமல் வெப்பம் உண்டாக்குகிறது. உடம்புக்குள் சுமார் 37 டிகிரி இருக்கிறது. அந்த வெப்பம் தோல் வழியாகக் கசிந்து, தோலை ஒட்டியிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. அதனால் அந்த வெதுவெதுப்பான காற்று மெல்லிய போர்வையாக நம்மேல் படிந்து நிற்கிறது. வேகமாகக் காற்று வீசினால் அந்தப் போர்வை கலைந்துபோகும். அந்த இடத்துக்குப் புதிய குளிர்ந்த காற்று வரும். உடம்பு அதையும் சூடாக்கப் பார்க்கும்; அதற்குள் அதுவும் போய்விடும். இப்படியே வெப்பம் பறிபோய்க்கொண்டிருந்தால் தோல் வேகமாகக் குளிர்ந்துவிடுகிறது. தோலில் உள்ள நரம்புகள் மூளைக்குச் சொல்வது தோலின் வெப்பநிலையைத்தான். 'அடேயப்பா, என்ன குளிர்!' என்று நாம் நடுங்குவது அதனால்தான்.

தெர்மாமீட்டர் சாப்பிடுவதில்லை, வெப்பம் உண்டாக்குவதும் இல்லை. அதனிடமிருந்து காற்று எதைப் பறிக்கும்?

இன்னொன்றையும் பாருங்கள். வெளியே 2 டிகிரி, காற்றின் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர் என்றால் விண்ட் சில் மைனஸ் 5. அங்கே மூடி போட்ட ஒரு பாட்டில் தண்ணீரை வைத்தால் உறையுமா? உறையாது. காற்று வீசுவதால் பாட்டில் சீக்கிரம் குளிரும். ஆனால் 2 டிகிரிக்கு வந்ததும் அப்படியே நின்றுவிடும். குளிர்வதன் வேகத்தைத்தான் காற்று கூட்டும். வெளியே இருக்கும் வெப்பநிலைக்குக் கீழே அதைக் கொண்டுபோகாது.

காற்றடித்தால் கூடுதலாகக் குளிரும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். எவ்வளவு கூடுதல் என்று அளந்து பார்க்க ஒருவர் வேண்டியிருந்தது. அவர் பால் சைப்பிள் என்ற அமெரிக்கர். அவர் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். 1928-ல் ரிச்சர்ட் பேர்ட் என்ற புகழ்பெற்ற ஆய்வுப் பயணி அண்டார்டிகாவுக்குப் புறப்பட்டபோது ஒரு சாரணரையும் தம்மோடு அழைத்துக்கொண்டு போனார். அந்த இளைஞர்தான் சைப்பிள். அப்போது வயது 19. பனிக்கண்டம் அவரை விடவில்லை. திரும்பத் திரும்பப் போனார். 1939-41 பயணத்தில் ஒரு முகாமுக்கே தலைவராக இருந்தார்.

அந்த முகாமில் அவரும் சார்லஸ் பாசல் என்ற நிலவியலாளரும் சேர்ந்து ஒரு சோதனை செய்தார்கள். சிறிய பிளாஸ்டிக் உருளை ஒன்றில் 250 கிராம் தண்ணீரை ஊற்றி, கூரைமேல் ஒரு கம்பத்தில் கட்டினார்கள். வெப்பநிலையையும் காற்றின் வேகத்தையும் குறித்துக்கொண்டு, தண்ணீர் முழுவதும் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தார்கள். இதில் என்ன கெட்டிக்காரத்தனம்? தண்ணீர் 0 டிகிரிக்கு வந்ததும் உடனே முழுவதும் பனிக்கட்டி ஆகிவிடாது. ஒவ்வொரு கிராமும் உறைவதற்குச் சுமார் 80 கலோரி வெப்பத்தை வெளியே விட வேண்டும். அப்படியானால் 250 கிராமுக்கு 20,000 கலோரி. அவ்வளவு வெப்பமும் போக எத்தனை நிமிடம் ஆனது என்று தெரிந்தால், ஒரு நிமிடத்தில் காற்று எவ்வளவு வெப்பத்தைப் பறித்தது என்பதை வகுத்துக் கண்டுபிடித்துவிடலாம். பெரிய கருவி எதுவும் இல்லாமல், தண்ணீரையும் கடிகாரத்தையும் வைத்தே குளிரை எடைபோட்டுவிட்டார்கள்! 1945-ல் இந்த முடிவுகள் வெளியாயின. பல ஆண்டுகள் அவையே வழிகாட்டியாக இருந்தன.

ஆனால் பிளாஸ்டிக் உருளை மனிதன் இல்லையே. அதில் ரத்தம் ஓடுவதில்லை. மேலும், வானிலை நிலையங்கள் காற்றின் வேகத்தை 10 மீட்டர் உயரத்தில் அளக்கின்றன. தரைக்கு அருகே, நம் முகம் இருக்கும் உயரத்தில் காற்று அதைவிட மெதுவாகத்தான் வீசும். இதனால் பழைய கணக்கு, உண்மையில் உணர்வதைவிட அதிகக் குளிரைக் காட்டிவந்தது.

திருத்தம் 2001-ல் வந்தது. டொராண்டோவில் ஆறு ஆண்கள், ஆறு பெண்கள் தாங்களாகவே முன்வந்து, குளிரூட்டிய காற்றுச் சுரங்கத்துக்குள் டிரெட்மில்லில் நடந்தார்கள். கன்னம், நெற்றி, மூக்கு, முகவாய் ஆகிய இடங்களில் உணர்கருவிகள். எதிரே சில்லென்று காற்று. சிலமுறை முகத்தில் தண்ணீர் தெளித்தும் பார்த்தார்கள். அவர்கள் முகம் இழந்த வெப்பத்தின் துணையோடு எழுந்ததுதான் கனடாவும் அமெரிக்காவும் இன்று பயன்படுத்தும் கணக்கு. முன்பின் தெரியாத பிள்ளைகளின் காதும் மூக்கும் பிழைக்கட்டும் என்று அந்தப் பன்னிரண்டு பேரும் அந்தக் குளிரைத் தாங்கியிருக்கிறார்கள்.

அந்தக் கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. வெப்பநிலை மைனஸ் 10 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று வீசினால் மைனஸ் 15 போலத் தெரியும். 30 கிலோமீட்டர் என்றால் மைனஸ் 20. வேகம் இரட்டிப்பாகி 60 ஆனால்? மைனஸ் 23-தான். முதலில் வீசும் மெல்லிய காற்றே நம்மேல் இருந்த சூடான காற்றில் பெரும்பகுதியை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. பிறகு வருவதற்குப் பறிக்க அவ்வளவாக மிச்சமில்லை.

இந்த எண்ணை விளையாட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. விண்ட் சில் மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடங்களுக்குள் உறையக்கூடும். அதனால்தான் குளிர்நாட்டுப் பிள்ளைகள் கம்பளிச் சட்டைக்கு மேலே காற்றுப் புகாத ஜாக்கெட் ஒன்றைப் போடுகிறார்கள். கம்பளி தன் இழைகளுக்கிடையே காற்றை அசையாமல் பிடித்து வைக்கும். ஆனால் அந்த இடைவெளி வழியாகவே வெளிக்காற்று புகுந்துவிடும் என்பதால் மேலே ஒரு காவல் தேவை. அண்டார்டிகாவின் எம்பரர் பெங்குவின்கள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு கூட்டமாக நிற்பதும் காற்றிலிருந்து தப்பத்தான். காற்றடிக்கும் ஓரத்தில் நிற்பவை மெல்ல நகர்ந்து மறுபக்கம் போய்ச் சேர, காற்றைத் தாங்கும் வேலை மாறி மாறி எல்லாவற்றுக்கும் வரும்.

பனி விழாத ஊரில் இருப்பவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். சுவரில் மாட்டும் தெர்மாமீட்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் பார்ப்பது உதவாது; அது அறை வெப்பநிலையை அளக்கச் செய்ததல்ல. மின்விசிறியை நிறுத்தியபடி ஒருமுறை அளவு பாருங்கள். பிறகு விசிறிக்கு எதிரே பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சிலுசிலுவென்று இருக்கும். தெர்மாமீட்டர் அநேகமாக அதே எண்ணைக் காட்டும். அடுத்து அதன் குமிழில் ஈரத்துணியைச் சுற்றி, மறுபடி விசிறிக்கு எதிரே வையுங்கள். இப்போது எண் இறங்கும். ஈரம் ஆவியாகும்போது குமிழிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. எத்தனை டிகிரி இறங்கியது என்று நோட்டில் எழுதுங்கள். மழைநாளில் ஒருமுறை, வெயில்நாளில் ஒருமுறை செய்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்காது. ஏன் என்று உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேளுங்கள்.