கல்லெடுத்த கடலும் மக்கள் பூங்காவும்

கல்லெடுத்து முடிந்த இடத்தை என்ன செய்வது என்பது பழைய கேள்வியாகும். நம் தென் மாவட்டங்களில் கல்வெட்டாங்குழி என்றால், மழைநீர் தேங்கி, ஆழம் அறியாது இறங்குவோரை விழுங்கும் பள்ளம் என்பதே பொதுவான எண்ணம். ஆயினும் அத்தகைய பள்ளங்கள் மக்களுக்குப் பயன்படும் இடங்களாக மாற்றப்பட்டமைக்குச் சான்றுகள் உண்டு. பாரிசு மாநகரில் ஜிப்சமும் சுண்ணக்கல்லும் வெட்டப்பட்டுக் கைவிடப்பட்டுக் கிடந்த மேட்டுநிலம் ஒன்று, 1867ஆம் ஆண்டில் பூட் ஷோமோன் என்னும் பூங்காவாகத் திறக்கப்பட்டது. நம் மாநிலத்தில், 2017ஆம் ஆண்டு வறட்சியின்போது, சென்னையை அடுத்த சிக்கராயபுரத்துக் கல்குவாரிகளில் நின்ற நீர் தூய்மை செய்யப்பட்டு நகருக்குக் குடிநீராயிற்று. தூத்துக்குடிக் கரைக்கு அருகிலும் இத்தகைய கல்வெட்டாங்குழி ஒன்று உண்டு. அது கடலுக்கு அடியில் இருப்பதால், கரையில் நிற்போர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே, மன்னார் வளைகுடாவில், கரையை ஒட்டினாற்போல் 21 சிறு தீவுகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றுள் வான் தீவு, கோசுவாரி, விளாங்குச்சல்லி, காரைச்சல்லி என்னும் நான்கும் தூத்துக்குடித் தொகுதியைச் சேர்ந்தவை. இத்தீவுகளைச் சுற்றிலும் பவளப்பாறைகள் உள்ளன. முருகைக்கல் என்ற பழம்பெயரும் இதற்கு உண்டு. இது மலைக்கல்லைப் போன்றதன்று. நுண்ணிய கடல் உயிர்கள் நீரிலுள்ள சுண்ணத்தைப் பிரித்தெடுத்து, தாம் குடியிருக்கக் கட்டிக்கொண்ட வீடு அது. அவ்வீடு ஓர் ஆண்டில் வளர்வது சில மில்லிமீட்டர். விரைந்து வளரும் இனமாயின் சில சென்டிமீட்டர். கடப்பாரை கொண்டு ஒரு பகற்பொழுதில் பெயர்த்தெடுத்த பாளம், பல தலைமுறைகள் வளர்ந்ததாக இருந்திருக்கக்கூடும்.

ஆழம் குறைந்த அந்நீரில் ஆட்கள் இறங்கிக் கல்லைப் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றிக் கரைசேர்த்தனர். சுண்ணாம்புக் காளவாய்களுக்கும், கார்பைடு செய்யும் ஆலைகளுக்கும், வீடு கட்டுதற்கும், சாலையில் பரப்புதற்கும் அது பயன்பட்டது. 1970களின் தொடக்கத்தில் இவ்வளைகுடாவை ஒட்டிய கடற்பகுதியில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 25,000 டன் அளவுக்குக் கல் எடுக்கப்பட்டதாக ஆய்வாளர் கணக்கிட்டனர். இவ்வழக்கம் அக்காலத்தில் புதிதாகத் தோன்றியதும் அன்று. 1964ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் சிதைந்து நிற்கும் ஆலயச் சுவர்கள் இக்கல்லால் எழுப்பப்பட்டவையே. வெயிலிலும் உப்புநீரிலும் நின்று உழைத்தோர் பெற்றது கூலி மட்டுமே என்பதையும் இங்குச் சொல்லிவைத்தல் வேண்டும். பழி முழுவதையும் அவர்கள் தலையில் சுமத்துவோர், அக்கல்லை வாங்கியவர் யாவர் என்று கேட்பதில்லை.

நிலத்தில் கல் வெட்டினால் பள்ளம் வெட்டிய இடத்திலேயே நின்றுவிடும், கடலில் அவ்வாறன்று. ஆழ்கடலிலிருந்து வரும் அலை முதலில் பவளப்பாறையில் மோதித் தன் வலுவின் பெரும்பகுதியை அங்கேயே இழக்கிறது. அதனால்தான் பாறைக்குப் பின்னேயுள்ள மணல்திட்டு தீவாக நிலைத்து நிற்கிறது. பாறையை அகற்றினால் அலை நேரே மணலைத் தாக்கும். நீரோட்டம் அம்மணலை வாரிச் செல்லும். அவ்வாறே நிகழ்ந்தது. விளாங்குச்சல்லியும், கீழக்கரைத் தொகுதியைச் சேர்ந்த பூவரசன்பட்டியும் நீருக்குள் மறைந்தன. 1980களில் 15 ஹெக்டேருக்கு மேல் இருந்த வான் தீவு, 2015ஆம் ஆண்டளவில் மிகச் சில ஹெக்டேராகச் சுருங்கியது. தீவு மறைந்தால் அதன் மறைவில் இருக்கும் கடற்கரைக் குப்பங்களும் அலைக்கு நேராகும்.

இக்கடலைப் பூங்காவாக்கியது சட்டம். 1986ஆம் ஆண்டில் 21 தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலுமாக 560 சதுர கிலோமீட்டர் பரப்பு, கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல், 10,500 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள உயிர்க்கோளக் காப்பகம் அதனைச் சூழ அமைந்தது. எனினும் அறிவிப்பு வந்த நாளிலேயே கடப்பாரை ஓய்ந்துவிடவில்லை. பவள இனங்கள் 2001ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. 2004ஆம் ஆண்டு இறுதியில் ஆழிப்பேரலை வந்தது. அதன் பின்னரே, 2005 அளவில், கல்லெடுப்பு ஏறக்குறைய நின்றது.

இனிக் குழியை நிரப்பும் பணி. 2015ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து வான் தீவின் கடற்புறத்தே சிமெண்டாலான செயற்கைப் பாறைகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவை வரிசையாக இறக்கப்பட்டன. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் இதற்கு அறிவுத்துணையாயினர். ஒவ்வொன்றும் அடி அகன்று மேலே குறுகிய வடிவினது. பக்கங்களில் துளைகள் உண்டு. அலையை முற்றும் தடுக்காமல், அதன் வேகத்தைக் குறைத்து உள்ளே விடுவதே இவற்றின் நோக்கம். வேகம் குறைந்த நீர் தான் சுமந்துவந்த மணலைத் தீவின் பக்கத்தில் விட்டுச் செல்லும். துளைகளில் மீன் ஒதுங்கும். மேற்பரப்பில் பவளக் குஞ்சுகள் ஒட்டி வளரும். தீவின் தேய்வு நின்று, பரப்பு சற்றே கூடியிருப்பதைப் பின்னர் எடுத்த அளவுகள் காட்டின. (கடல்நீர் சூடேறுவதால் பவளம் வெளுத்துச் சாவது வேறொரு துன்பம். 2016ஆம் ஆண்டில் அவ்வாறு மடிந்தவை மிகுதி. அதற்குச் சிமெண்டுக் கல்லில் மருந்தில்லை.)

இவ்வளவும் நன்றே. ஆயினும் நாம் எழுப்ப விரும்பும் வினா வேறு. பூங்கா என்னும் சொல்லுக்கு நம் மனத்தில் தோன்றும் பொருள், ஊரார் எவரும் சென்று அமரக்கூடிய பொதுவிடம் என்பதாகும். தேசியப் பூங்கா என்னும் சட்டச் சொல்லின் பொருளோ பெரிதும் மாறானது. அங்கே இறங்கவும் மீன்பிடிக்கவும் தடை உண்டு. வரைபடத்தில் எல்லை கீறப்பட்டபோது, அந்நீரில் வலைவிரித்து வாழ்ந்தோரின் சொல் அதில் இடம்பெறவில்லை. பின்னர், 2000ஆம் ஆண்டையொட்டி உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை உருவாகி, உலகச் சூழல் நிதியத்தின் பொருளுதவியுடன், இருநூற்றுக்கும் மேற்பட்ட கிராமக் குழுக்களை அமைத்தது. அக்குழுக்கள் சிறுகடன் வழங்கின; மாற்றுத்தொழில் கற்பித்தன. ஏழை வீடுகளுக்கு அது உதவியே. ஆனால், கடன் பெறும் உரிமை வேறு. முடிவு செய்யும் உரிமை வேறு. எல்லை எங்கே, தடை எம்மாதங்களில், கல் எவ்விடத்தில் இறங்குவது என்பன பற்றி மீனவர் கருத்து முடிவை மாற்றும் வலிமை பெறும்போதுதான் அதனை மக்கள் பங்கேற்பு என்று அழைத்தல் தகும் என்பது நம் கருத்து.

மக்களிடம் விட்டால் கடலை அழித்துவிடுவர் என்று மறுப்போர் உளர். கல்லெடுத்தோரும் கரையோர மக்களே என்பர். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆயின் இப்பூங்காவின் வடகோடியில், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில், கடற்பாசி சேகரிக்கும் பெண்கள் செய்ததை அவர்கள் நோக்க வேண்டும். தலைமுறையாகப் பாசி எடுத்த தீவுகள் தங்களுக்கு மூடப்பட்டபோது, அவர்கள் சங்கமாய்க் கூடி உரிமை கேட்டனர். அத்துடன் மாதத்தில் 12 நாள்கள் மட்டுமே பாசி எடுப்பதென்று தாங்களே கட்டுப்பாடும் விதித்துக்கொண்டனர். அவர்களுள் தலைநின்ற பெண்மணிக்கு 2015ஆம் ஆண்டில் சீகாலஜி என்னும் அயல்நாட்டு அமைப்பு விருதளித்தது. இத்தகைய விதி மேலிருந்து வந்திருப்பின், அதனைக் காக்கக் காவற்படகு வேண்டியிருக்கும்.

முத்துக்குளித்துறைக்கும் இது அந்நியமான வழக்கமன்று. பார் என்று நம் மக்கள் அழைக்கும் கடலடித் திட்டுகளில் சிப்பி முதிர்ந்ததா என்று அறிய, முன்னர்க் குளியாளர் இறங்கி மாதிரி எடுப்பர். அச்சிப்பிகளை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை மதிப்பிட்ட பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். முதிராதிருப்பின் பார் பல ஆண்டுகள் தொடாமல் விடப்படும். 1955 முதல் 1961 வரை நடந்ததே தூத்துக்குடியின் கடைசி முத்துக்குளிப்பாகும். அதிகாரிகள் அறிவித்தாலும், அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவன் மூச்சடக்கி இறங்கியவனே. இன்றும் சங்கு குளிப்போர் இக்கடலின் மணலையும் பாறையையும் நன்கறிவர்.

இப்போது காரைச்சல்லியின் முறை வந்துள்ளது. 1969ஆம் ஆண்டில் 20 ஹெக்டேருக்கு மேலிருந்த இத்தீவு, 2024இல் மூன்று ஹெக்டேர் அளவினதாகிவிட்டது. உலக வங்கியின் துணையோடு தமிழக அரசு அதனைக் காக்கும் திட்டத்தை 2025ஆம் ஆண்டில் கையிலெடுத்தது. சிமெண்டுக் கற்கள் மீண்டும் கடலில் இறங்கும். அவை வள்ளம் செல்லும் தடத்தை மறிக்குமா, சங்கு கிடைக்கும் மணலில் விழுமா, எவ்வெவ் வலைகள் அவற்றில் சிக்கிக் கிழியும் என்பவற்றைத் தருவைக்குளத்திலும் திரேஸ்புரத்திலும் கேட்டறிய வேண்டிய காலம், முதற்கல் இறங்குவதற்கு முன்னுள்ள காலமேயாகும்.