பூட்டியின் பெயரை எங்கே தேடுவது?

எங்கள் வீட்டில் வமிசம் கேட்டால் ஆண்களின் பெயர்கள் மளமளவென்று வரும். "அப்ப உம்மும்மாட உம்மாக்கு என்ன பேர்?" என்று கேட்டால் போதும், எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். அந்த ஒரு பெயருக்காகத்தான் இணையத்தில் இறங்கினேன்.

முதலில் போனது ஃபெமிலிசேர்ச். காசு கேட்காத தளம். இலங்கைக்கென்று அங்கே எடுப்பாக நிற்பவை ஒல்லாந்தத் திருச்சபையின் ஞானஸ்நான, திருமண ஏடுகள். அதில் சோனகருக்கு என்ன வேலை? நமது கலியாணங்களைப் பதிய 1886இல் தனிச் சட்டம் வந்தது உண்மைதான். ஆனால் பதியாவிட்டாலும் நிக்காஹ் செல்லும் என்பதால் பலர் பதியவில்லை. 1951ஆம் ஆண்டுச் சட்டம்கூட மாப்பிள்ளையிடமும் வலியிடமும்தான் கையொப்பம் கேட்டது; பெண்ணிடம் கேட்கவில்லை. ஆகவே ஒரு பெண்ணைத் தேடுகிறவர் அவளுடைய நிக்காஹ் பதிவையே நம்பியிராமல், அவள் பெற்ற பிள்ளைகளின் பிறப்புப் பதிவைப் பார்க்க வேண்டும். அங்கே தாயின் பெயருக்கென்று ஓர் இடம் உண்டு.

ஆனால் எனக்குக் கைகொடுத்தது யாரும் நினைக்காத ஓரிடம்: 'நியூ லோ ரிப்போர்ட்ஸ்' என்னும் பழைய உயர் நீதிமன்றத் தீர்ப்புத் தொகுதிகள். இப்போது இணையத்தில் வாசிக்கலாம். காணிச் சண்டை என்றால் நம்மவர்கள் கோட்டுக்குப் போகத் தயங்கியதில்லை, அல்ஹம்துலில்லாஹ்! பராயிழ் கணக்கில் மகளுக்கும் மனைவிக்கும் தாய்க்கும் பங்கு உண்டு. பங்கு பிரிக்க வேண்டுமானால் அவர்களைப் பெயர் சொல்லித்தான் ஆக வேண்டும். பள்ளிவாசல் மலரில் 'இன்னாரின் துணைவியார்' என்று முடிந்துபோன பெண், வழக்கில் நாலாம் பிரதிவாதியாக முழுப் பெயரோடு நிற்கிறாள்.

தேடும்போது எழுத்துக்கூட்டல் பெரிய தலையிடி. வெள்ளைக்காரன் காலத்து எழுதுவினைஞர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதினார். மரிக்கார் என்ற ஒரு பெயரே ஒரு 'கே'யோடும், இரண்டு 'கே'யோடும், 'சீ'யோடும் கிடக்கிறது. பாத்தும்மா, பத்துமா, பாத்திமா மூவரும் ஒருவராகவும் இருக்கலாம். நமக்குக் குடும்பப் பெயரும் கிடையாது. வாப்பாவின் பெயர்தான் முன்னால் நிற்கும். தளங்கள் குடும்பப் பெயர் கேட்டால் ஒருமுறை வாப்பாவின் பெயரையும், மறுமுறை ஆளின் பெயரையும் இட்டுப் பாருங்கள். பெயரில் பாதியும் ஊரின் பெயருமாகத் தேடினால் இன்னும் நல்லது.

உறவினர் தந்த பெயர்களை நூலகம் தளத்திலுள்ள பழைய மலர்களோடும் ஒப்பிடலாம். அரபுத் தமிழில் கிதாபின் கடைசித் தாளில் எழுதிவைத்த பிறப்புக் குறிப்பை மட்டும் எந்தத் தேடற்பொறியும் வாசிக்காது. அதற்கு வீட்டு அலுமாரியைத்தான் திறக்க வேண்டும்.

ஒரு வழக்கில் எங்கள் ஊரும், பூட்டனின் பெயரும், அவர் மனைவியின் பெயரும் ஒன்றாகக் கிடைத்தன. உம்மாவுக்குப் போனில் வாசித்துக் காட்டினேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது மூத்த தாரத்துட பேராக்கும் மகன். நம்மட ஆள் ரெண்டாந்தாரம்." அந்தத் தீர்ப்பில் இன்னும் இரண்டு பெண்களின் பெயர் இருக்கிறது. அடுத்த கிழமை காணிப் பதிவகத்துக்குப் போய் உறுதியைப் பார்க்க வேண்டும்.