மருந்து கேட்டால் விளக்குத் தந்த வைத்தியர்

வட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறான் என்று யாழ்ப்பாணத்துப் பெரியவர்கள் ஏசுவதைக் கேட்டிருப்பீர்கள். கேட்டது ஒன்று, சொல்வது வேறொன்று. தமிழ்நாட்டில் இதையே பட்டுக்கோட்டை என்பார்கள். அதற்காக வட்டுக்கோட்டைப் பிள்ளைகள் சண்டைக்குப் போக வேண்டாம்; பாக்கு இரண்டு ஊரிலும் விற்கிறது.

இலங்கையில் ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் ஏறக்குறைய இதே வேலையைச் செய்தார். தீயில் வெந்து வருகிறவர்களுக்கு என்ன செய்யலாம் என்பதுதான் அவர் முன்னால் இருந்த கேள்வி. புதிய களிம்பு, புதிய கட்டு, புதிய ஊசி என்று ஏதாவது கண்டுபிடித்திருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். அவர் கண்டுபிடித்தது ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. பெயர் விஜய கொடகும்புர. இந்த வைத்தியருக்குக் கொட்டைப்பாக்கு விலை சொல்கிற பழக்கம் இருந்ததா, அல்லது எல்லாரையும்விட நேரான வழியைத்தான் அவர் சொன்னாரா என்று பார்ப்போம்.

மின்சாரம் இல்லாத வீடுகளில் எரிந்த குப்பி விளக்கை உங்கள் அம்மம்மாவிடம் கேட்டால் சொல்லுவா. கடையில் வாங்கத் தேவையில்லை. தீர்ந்துபோன மருந்துப் போத்தல் ஒன்று, அல்லது சோடாப் போத்தல். தகரத்தில் ஒரு மூடி, அதில் ஆணியால் ஒரு துளை, துளைக்குள் பழந்துணியைத் திரித்துச் செய்த திரி. உள்ளே மண்ணெண்ணெய். இவ்வளவுதான் விளக்கு. மூடி இறுக்கமாக இராது, போத்தலின் வாயில் சும்மா குந்தியிருக்கும். போத்தலோ உயரம், அடி ஒடுக்கம், கண்ணாடி மெல்லியது. படிக்கிற பிள்ளையின் முழங்கை பட்டால் போதும், பூனை உரசினால் போதும். விளக்குச் சரியும், மூடி கழன்று விழும், எண்ணெய் கொட்டும், பக்கத்திலேயே சுடர்.

கொட்டிய மண்ணெண்ணெய் ஏன் இவ்வளவு கொடியது? இங்கே ஓர் அறிவியல் விஷயம் இருக்கிறது. மண்ணெண்ணெய் திரவமாக எரிவதில்லை. அதன் ஆவிதான் எரிகிறது. சாதாரண அறை வெப்பத்தில் அதிலிருந்து எழும் ஆவி சொற்பம். எண்ணெயை ஏறத்தாழ 40 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கினால்தான் தீப்பிடிக்கப் போதுமான ஆவி வரும். அந்தச் சூடாக்கும் வேலைக்குத்தான் திரி. பஞ்சு இழைகளுக்கு இடையில் உள்ள நுண்ணிய இடுக்குகள் வழியே எண்ணெய் தானாகவே மேலே ஏறும். இதை மயிர்த்துளை ஏற்றம் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். ஏறிய துளி எண்ணெயைச் சுடர் சூடாக்குகிறது, அது ஆவியாகிறது, ஆவி எரிகிறது. போத்தலுக்குள் இருப்பது அமைதியாகக் காத்திருக்கிறது.

இப்போது அந்த எண்ணெய் ஒரு பிள்ளையின் பருத்திச் சட்டையில் கொட்டுகிறது என்று வையுங்கள். பருத்தித் துணியிலும் அதே இழைகள், அதே இடுக்குகள். எண்ணெய் சட்டை முழுவதும் பரவுகிறது. உடுத்தியிருக்கும் சட்டையே பெரிய திரியாகிவிடுகிறது! திரவமாகக் கிடக்கும்போது சோம்பேறியாக இருந்த மண்ணெண்ணெய் துணியில் ஏறியதும் பாய்ந்து எரிகிறது. (இதைச் சோதித்துப் பார்க்க வேண்டாம். பெற்றோலுக்கு இந்தச் சோம்பல்கூடக் கிடையாது; அது சாதாரண வெப்பத்திலேயே ஆவியை அள்ளிக் கொட்டும். அதனால்தான் விளக்கில் பெற்றோல் கலந்தால் வெடிக்கிறது.)

பழைய காலத்தில் இந்த ஆபத்து இவ்வளவு இருக்கவில்லை. சாமுவேல் கிறீன் என்ற இளம் அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து முதலில் வட்டுக்கோட்டையில்தான் வேலையைத் தொடங்கினார். பிறகு மானிப்பாய்க்குப் போய், ஆங்கில வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்து, நம் பிள்ளைகளை வைத்தியர்களாக்கியவர் அவர். அவர் வந்த ஆண்டில் வட்டுக்கோட்டை வீடுகளில் எரிந்தது தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயும். மண்ணெண்ணெய் உலகச் சந்தைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். தேங்காயெண்ணெய் தடிப்பானது, ஓடிப் பரவாது. தீப்பிடிக்க மிகவும் கூடுதலான சூடு வேண்டும். மண்ணெண்ணெய் மலிவாக, பிரகாசமாக எரிந்தது; கூடவே தீக்காயங்களையும் கொண்டு வந்தது.

கொடகும்புரவிடம் வருவோம். விளக்குச் சரிந்து வெந்தவர்களுக்கு அவர் மருத்துவம் செய்தவர். பெரிய தீக்காயம் என்பது ஒரு நாளில் தீரும் காரியம் அல்ல. வெந்த தோலை அகற்றி, உடம்பின் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து ஒட்டி, பல வாரங்கள் படுக்கையில். ஆறிய பின்னும் தோல் இழுத்துக்கொண்டு கையை நீட்ட முடியாமல், கழுத்தைத் திருப்ப முடியாமல் போய்விடும். எவ்வளவு கெட்டிக்காரச் சத்திரசிகிச்சை நிபுணராலும் பழைய தோலைத் திருப்பித் தர முடியாது. ஒருவருக்குக் கட்டுப்போட்டு வீட்டுக்கு அனுப்பினால், அந்த வீட்டில் அதே போத்தல் விளக்கு மறுபடி மேசையில் ஏறும்.

ஆகவே அவர் காயத்தை விட்டுவிட்டுப் போத்தலைப் பார்க்கத் தொடங்கினார். பொருத்தமான வடிவம் ஒன்று எல்லார் வீட்டு அலுமாரியிலும் இருந்தது: மாமைற் போத்தல். குள்ளம், குண்டு, கனமான கண்ணாடி. பாணில் பூசும் அந்தக் கறுப்புப் பசையின் மணம் எனக்குப் பிடிக்காது, ஆனால் போத்தலைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வடிவத்தை வைத்து அவர் விளக்கைத் திருத்தினார். 1992 அளவில் 'சுதீப' என்ற பெயரில் பாதுகாப்பான போத்தல் விளக்கு உருவாயிற்று.

குள்ளமாக இருந்தால் என்ன நடக்கிறது? ஒரு பொருளின் முழு நிறையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். அதுதான் புவியீர்ப்பு மையம். போத்தலைச் சரிக்கும்போது அந்தப் புள்ளிக்கு நேர் கீழே போத்தலின் அடி இருக்கும்வரை, கையை விட்டதும் அது பழையபடி நிமிர்ந்துவிடும். புள்ளி அடியின் விளிம்பைத் தாண்டினால் விழுந்துவிடும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரமான மருந்துப் போத்தல் ஒன்று: அடியின் அகலம் 6 சென்ரிமீற்றர், புவியீர்ப்பு மையம் 10 சென்ரிமீற்றர் உயரத்தில். இதைச் சுமார் 17 பாகை சரித்தாலே போதும், விழுந்துவிடும். இன்னொன்று குள்ளப் போத்தல்: அடி அதே 6 சென்ரிமீற்றர், மையம் 3 சென்ரிமீற்றர் உயரத்தில். இதை 45 பாகை சரிக்க வேண்டும். 45 பாகை என்றால் செங்கோணத்தில் பாதி. பூனை உரசி அவ்வளவு சரியாது. அடியை அகட்டவே இல்லை, மையத்தைக் கீழே இறக்கியதில் மட்டும் இவ்வளவு வித்தியாசம்.

அப்படியும் யாராவது தட்டி விழுத்திவிட்டால்? கொடகும்புர அதையும் யோசித்தார். சுதீப விளக்கின் இரண்டு பக்கங்கள் தட்டையானவை. உருண்டைப் போத்தல் விழுந்தால் பாய்க்கும் படுக்கைக்கும் உருண்டு போகும். இது விழுந்த இடத்திலேயே படுத்துவிடும். மூடி உலோகம், புரியிட்டுத் திருகி இறுக்குவது. அதனால் விழுந்தாலும் கழன்று வராது, எண்ணெய் கொட்டாது. கண்ணாடி தடிப்பானது, இலகுவில் உடையாது. அந்தத் தடிப்பே நிறையையும் கூட்டி விளக்கை நிலைக்க வைக்கிறது. பழைய கண்ணாடியை உருக்கியே இதைச் செய்தார்கள். விலையும் மிகக் குறைவு. இது முக்கியம், ஏனென்றால் போத்தல் விளக்கு எரிகிற வீட்டில் விலை கூடிய விளக்கை யார் வாங்குவார்கள்? இலட்சக்கணக்கான வீடுகளுக்கு இந்த விளக்குப் போயிற்று. 1998இல் அவருக்கு றோலெக்ஸ் விருது கிடைத்தது.

ஒவ்வொரு மாற்றத்தையும் தனித்தனியே பாருங்கள். குள்ளம், தட்டை, புரிமூடி, தடிப்பு. எதுவும் புதிய கண்டுபிடிப்பு இல்லை. விபத்தை அவர் படிப்படியாகப் பிரித்து, சரிவது, உருள்வது, கழல்வது, உடைவது என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு தடை போட்டார். ஒரு தடை தவறினாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும். விமானம் செய்கிற பொறியியலாளர்களும் இப்படித்தான் யோசிக்கிறார்கள்.

அதே காலத்தில் யாழ்ப்பாணத்தில் வேறொரு போத்தல் பேர்பெற்றிருந்தது. 1990இல் போர் மறுபடி மூண்டபோது இங்கே மின்சாரம் நின்றுபோயிற்று. மண்ணெண்ணெய் தட்டுப்பாடாகி, விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது வீட்டுக்கு வீடு எரிந்தது ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனைகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், கம்பியில் கொழுவிய மெல்லிய திரி. சுடர் போத்தலுக்கு உள்ளேயே நிற்கும். காற்று அணைக்காது, சுடர் சின்னது, எண்ணெய் மிச்சம். வட்டுக்கோட்டையிலும் அராலியிலும் சங்கரத்தையிலும் அந்த வெளிச்சத்தைச் சுற்றியிருந்து படித்துச் சோதனை எழுதியவர்கள் இன்று உங்களுக்கு ஆசிரியர்களாக இருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள்.

அம்மாமாரும் அண்ணாமாரும் எண்ணெயை மிச்சம் பிடிக்கத்தான் இதைச் செய்தார்கள். ஆனால் பாதுகாப்பும் தானாக வந்து சேர்ந்தது. விழுந்தாலும் ஓடுவதற்கு எண்ணெய் இல்லை. இருப்பதைப் பஞ்சு பிடித்து வைத்திருக்கிறது, திரியில் வேலை செய்த அதே மயிர்த்துளை விதியால். ஒரு குறை உண்டு. சுடர் உள்ளே எரிவதால் போத்தல் சூடேறி, சிலவேளை வெடிக்கும். மொத்தத்தில் கொடகும்புரவின் விளக்குத்தான் திறம், ஆனால் இதற்கும் நான் ஒரு விருது கொடுப்பேன்.

போத்தலை வைத்து உயிர் காத்த இன்னொரு வைத்தியர் பங்களாதேசத்தில் இருக்கிறார். மொஹம்மத் ஜொபாயர் சிஷ்டி. 1996இல், இளம் வைத்தியராக சில்ஹெட் நகர ஆஸ்பத்திரியில் கடமையேற்ற முதல் இரவிலேயே மூன்று குழந்தைகள் நியூமோனியாவில் அவர் கண்முன் இறந்தார்கள். நியூமோனியாவில் நுரையீரலின் சிறு காற்றறைகள் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். ஊதாத பலூனை முதல் ஊது ஊதுவது எவ்வளவு கஷ்டம்? அந்தக் குழந்தை ஒவ்வொரு மூச்சிலும் அப்படி ஊத வேண்டியிருக்கிறது. களைத்து, கடைசியில் நின்றுவிடுகிறது.

செயற்கைச் சுவாச இயந்திரம் விலை கூடியது. சிஷ்டி டாக்காவில் ஒரு சாம்பூ போத்தலில் தண்ணீர் நிரப்பினார். குழந்தையின் மூக்குக்கு ஒட்சிசன் குழாய். வெளியே விடுகிற மூச்சு இன்னொரு குழாயால் அந்தத் தண்ணீருக்குள் குமிழி குமிழியாக வரும். குழாயின் நுனி 5 சென்ரிமீற்றர் ஆழத்தில் இருந்தால், அந்த 5 சென்ரிமீற்றர் நீரின் அழுத்தத்தைத் தள்ளிக்கொண்டுதான் காற்று வெளியேற வேண்டும். அந்தச் சிறு எதிர்ப்பழுத்தம் நுரையீரலுக்குள்ளும் நிற்கும், காற்றறைகள் முழுதாக ஒட்டிக்கொள்ளா. 2015இல் லான்செற் மருத்துவ இதழில் வந்த ஆய்வில், வழக்கப்படி மெதுவான ஓட்டத்தில் ஒட்சிசன் பெற்ற குழந்தைகளில் நூற்றுக்கு 15 பேர் இறந்தார்கள். குமிழிப் போத்தல் பெற்றவர்களில் 4 பேர். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க எந்தப் பொத்தானும் வேண்டாம், குழாயை மேலே கீழே நகர்த்தினால் போதும் என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்தது.

சிஷ்டி நோயாளி வந்த பிறகு வேலை செய்யும் போத்தலைச் செய்தார். கொடகும்புர நோயாளியே வராமல் இருக்க ஒரு போத்தலைச் செய்தார். காப்பாற்றப்பட்ட குழந்தையின் தாய் சிஷ்டியின் கையைப் பிடித்து நன்றி சொல்ல முடியும். சுதீப விளக்கால் வேகாமல் தப்பிய பிள்ளைக்குத் தான் தப்பியதே தெரியாது, அது பாட்டுக்கு வீட்டுப்பாடம் செய்துகொண்டிருக்கும்.

இனி உங்களுக்கு வேண்டிய விஷயம். உடுப்பில் தீப்பிடித்தால் ஓடக்கூடாது. ஓடினால் காற்றுப் பட்டுத் தீ வளரும். நின்று, நிலத்தில் படுத்து, முகத்தைக் கையால் மூடி உருள வேண்டும். தீ அணைந்ததும் வெந்த இடத்தில் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் ஓடவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரை மெதுவாக ஊற்றிக்கொண்டிருந்தாலும் சரி. தோலின் மேற்பரப்பு குளிர்ந்த பிறகும் உள்ளே சூடு நின்று வேக வைத்துக்கொண்டிருக்கும். 20 நிமிடம் அதற்காகத்தான். பற்பசை, வெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் பூச வேண்டாம், அவை சூட்டை உள்ளே பூட்டி வைக்கும். பனிக்கட்டியும் கூடாது. மோதிரம், வளையல் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிட்டு, சுத்தமான துணியால் தளர்வாக மூடி, 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மின்சாரம் வந்துவிட்டதே, இனி எதற்கு விளக்குக் கதை என்று கேட்பீர்கள். 2022இல் நாளுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நடந்தபோது எத்தனை வீடுகளில் பழைய போத்தல்கள் பரணிலிருந்து இறங்கின என்று நினைவிருக்கிறதா?

கடைசியாக ஒரு சோதனை. நெருப்பும் எண்ணெயும் இல்லாமல், வெறும் தண்ணீரோடு. ஒரே மாதிரி மூன்று மாமைற் போத்தல்களை எடுங்கள். ஒன்றை முழுதாக நிரப்புங்கள், இன்னொன்றில் கால்வாசி, மூன்றாவது வெறுமை. மூன்றையும் இறுக மூடி, ஒரு பலகையில் வரிசையாக வையுங்கள். வழுக்காமல் இருக்க ஒவ்வொன்றின் கீழ்ப்பக்கத்திலும் ஒரு குச்சியை ஒட்டிக்கொள்ளுங்கள். பலகையின் ஒரு முனையை மெதுவாக உயர்த்தி, ஒவ்வொரு போத்தலும் எத்தனை பாகையில் விழுகிறது என்று பாகைமானியால் அளந்து எழுதுங்கள். கூடிய கனமானதுதான் கடைசியில் விழும் என்று பெரும்பாலானோர் பந்தயம் கட்டுவார்கள். நீங்கள் பந்தயம் கட்டுவதற்கு முன், ஒவ்வொன்றிலும் புவியீர்ப்பு மையம் எங்கே இருக்கும் என்று ஒரு படம் வரைந்து பாருங்கள்.