எலுமிச்சம்பழத்தில் சக்கரம் ஏறும் முன்

திண்டிவனத்திலோ விழுப்புரத்திலோ புதுக் கார் எடுக்கும் நாள் எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியும். மாலை, சந்தனம், குங்குமம், குடும்பத்தோடு ஒரு படம், நான்கு சக்கரத்தின் அடியிலும் எலுமிச்சம்பழம். இதற்கு நடுவே ஷோரூம் தம்பி பத்து நிமிடம் உள்ளே உட்கார்ந்து பொத்தான்களைத் தொட்டுக் காட்டுவார். "இது ஹில் அசிஸ்ட் சார், மேட்டுல வண்டி பின்னால வராது. இது க்ரூஸ், காலை எடுத்துடலாம். இது லேன் அசிஸ்ட், அதுவே கோட்டுக்குள்ள வெச்சுக்கும்." எதைச் செய்யும் என்று சொல்கிறார். எங்கே செய்யாது என்பதை யாரும் சொல்வதில்லை. மலைக்குப் போகிறவர் உயிர் அந்த இரண்டாவது பாதியில்தான் இருக்கிறது.

நம்முடையது சமவெளி. சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் திண்டிவனத்தில் ஏறி விழுப்புரத்தில் இறங்கும் வரை மேம்பாலங்கள்தான் ஏற்றம். இங்கே பழகிய கால், மே மாதம் வந்ததும் உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சேலம் வழியாக ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறது. துணிந்தவர்கள் கொல்லிமலையின் 70 வளைவுகளுக்குப் போகிறார்கள். 2019 வரை நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருந்து இப்போது கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் போய்விட்ட கல்வராயன் மலைக்கும் போகிறார்கள். போகட்டும், மலை எல்லோருக்கும்தான். ஆனால் வண்டியில் இருக்கும் உதவிகளைப் பற்றிச் சிலது தெரிந்துகொண்டு போகட்டும்.

ஹில் அசிஸ்ட் என்பது, பிரேக்கிலிருந்து ஆக்சிலரேட்டருக்குக் கால் மாறும் இடைவெளியில் பிரேக்கைப் பிடித்துவைத்திருக்கும் ஏற்பாடு. பெரும்பாலான கார்களில் அந்தப் பிடிப்பு இரண்டு, மூன்று விநாடிதான். பிறகு தானாக விட்டுவிடும். ஏற்காட்டு ஏற்றத்தில் முன்னால் பேருந்து நின்றுவிட்டால், "வண்டிதான் பிடிச்சிருக்கே" என்று காலை எடுத்துவிட்டுப் பின்சீட்டுப் பிள்ளையைத் திரும்பிப் பார்ப்பதற்குள் கார் உருளத் தொடங்கிவிடும். நிற்க வேண்டிய இடத்தில் ஹேண்ட்பிரேக்கைப் போடுங்கள். தானியங்கி கியர் வண்டியை ஆக்சிலரேட்டரை லேசாக அழுத்தியே மேட்டில் நிறுத்திவைக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஏஎம்டி வகை வண்டியில் அது க்ளட்ச்சைச் சூடாக்கிக் கருகவைக்கும்.

க்ரூஸ் கன்ட்ரோல் மலையில் வேண்டவே வேண்டாம். சமதளத்தில் முன்வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும் நவீன க்ரூஸ், வளைவில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதன் ரேடாரும் கேமராவும் நேராகப் பார்ப்பவை. கொண்டை ஊசியில் முன்வண்டி திரும்பியதும் அது பார்வையிலிருந்து மறைந்துவிடும். 'பாதை காலியாகிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு, நீங்கள் குறித்துவைத்த வேகத்துக்கு ஏறப் பார்க்கும். வளைவுக்குள் நுழையும் நேரத்தில் கார் வேகமெடுத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. செங்குத்தான, வளைந்து செல்லும் சாலையில் இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று காரோடு வரும் கையேடுகளிலேயே எழுதியிருக்கும். பெரும்பாலும் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில், டேஷ்போர்டு அறைக்குள், பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாமல்.

லேன் அசிஸ்டுக்குக் கோடு வேண்டும். மழையில் அழிந்த கோடும், மூடுபனியில் மறைந்த கோடும் அதற்குக் கோடே இல்லை. தானாக அவசர பிரேக் பிடிக்கும் அமைப்பு, வளைவில் எதிரே வரும் தடுப்புச் சுவரை மோதப்போகும் பொருளாக எடுத்துக்கொண்டு திடீரென்று பிரேக் போட்டுவிடுவதும் உண்டு. அதனால்தான் பின்னால் வருபவரை இடைவெளி விட்டு வரச் சொல்கிறோம். 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் கட்டாயமான ஏபிஎஸ், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். சூடேறிய பிரேக்கைக் குளிரவைக்க அதனால் ஆகாது.

இறக்கத்துக்கு வருவோம். கஷ்டம் முழுக்க இங்கேதான். ஆட்களோடு 1,500 கிலோ எடையுள்ள கார் ஏற்காட்டிலிருந்து அடிவாரத்துக்கு ஏறத்தாழ 1,100 மீட்டர் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இறக்கம் வெளிவிடும் ஆற்றலை அப்படியே வெப்பமாக்கினால் ஐம்பது லிட்டருக்கு மேல் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். இவ்வளவையும் காற்றும் என்ஜினும் பிரேக்கும் பங்குபோட்டுச் செலவழிக்க வேண்டும். வண்டியை நியூட்ரலில் விட்டால் என்ஜின் தன் பங்கிலிருந்து விலகிக்கொள்கிறது, முழுச் சுமையும் பிரேக்கின் தலையில் விழுகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரையாவது கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடலாம். ஆயில் கொதித்துக் குமிழி உண்டானால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், வண்டி நிற்காது. "பிரேக் பிடிக்கல" என்று நாம் கேள்விப்படும் மலை விபத்துகளில் பலவற்றின் கதை இதுதான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை மாற்றுங்கள். மலைக்குப் போகும் முன் சர்வீஸில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

"ஏறுன கியர்லயே இறங்கு தம்பி" என்று லாரி ஓட்டும் பெரியவர்கள் சொல்வதற்கு மேல் நல்ல விதி இல்லை. இரண்டாவது கியரில் ஏறிய சரிவில் இரண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும். தானியங்கி கியர் வண்டியை 'டி' நிலையில் விட்டுவிட்டு இறங்கினால் அது மேல் கியருக்குப் போய்விடும் வாய்ப்பு அதிகம். எல் அல்லது மேனுவல் நிலைக்கு நீங்கள்தான் மாற்ற வேண்டும். சில கார்களில் வரும் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்னும் இறக்கக் கட்டுப்பாடும் பிரேக்கைத்தான் விட்டு விட்டுப் பிடிக்கிறது. கல்லும் மண்ணுமான குறுகிய சரிவில், மெதுவான வேகத்துக்காகச் செய்யப்பட்டது அது. இருபது வளைவையும் அதை நம்பி இறங்கினால் பிரேக் சூடாகும், ஒரு கட்டத்தில் அது தானே விலகிக்கொள்ளவும் கூடும்.

மின்சாரக் கார் வைத்திருப்பவர்கள் இதையும் கவனியுங்கள். இறக்கத்தில் மோட்டாரே வேகத்தைப் பிடித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். மலை உச்சி விடுதியில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கிளம்பினால் அனுப்ப இடம் இருக்காது, அந்தப் பிடிப்பு வெகுவாகக் குறைந்துவிடும். மேலே கொஞ்சம் குறைவாகவே ஏற்றுங்கள். வழியில் கருகிய வாசனை வந்தாலோ பெடல் தளர்ந்தாலோ சமமான இடத்தில் ஒதுக்கி அரை மணி நேரம் நில்லுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு, இறங்குகிறவர்தான் வழிவிட வேண்டும் என்பது சாலை விதி.

இனி உரிமை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளால் வரும் தீங்குக்கான பொறுப்பு என்று தனி அத்தியாயம் இருக்கிறது. பொருளைச் சரியாகப் பயன்படுத்தும் முறையையோ, தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தையோ போதிய அளவில் சொல்லாமல் விற்றிருந்தால், அதனால் நேர்ந்த தீங்குக்குத் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும் என்கிறது 84-ஆவது பிரிவு. கையேட்டில் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறோம் என்று நிறுவனம் சொல்லும். நாம் வண்டியைத் தவறாகப் பயன்படுத்தியிருந்தால் சட்டமும் அவர்கள் பக்கம் பேசும். ஆகவேதான் வண்டி எடுக்கும் நாளிலேயே கேளுங்கள்: இந்த ஹில் அசிஸ்ட் எத்தனை விநாடி பிடிக்கும், க்ரூஸ் எங்கே கூடாது, இறக்கத்தில் எந்த கியர். பதிலைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். கார் விற்கத் தமிழில் விளம்பரம் செய்பவர்களுக்கு எச்சரிக்கையையும் தமிழில் சொல்லும் கடமை உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

பாதுகாப்புக் கருவி வேலை செய்யவில்லை என்றால், தொழில்நுட்பம் தெரியாதே என்று தயங்க வேண்டியதில்லை. விபத்தில் ஏர்பேக் விரியாத ஒரு க்ரெட்டா கார் வழக்கில், மோதலின் விசை போதவில்லை என்று ஹூண்டாய் நிறுவனம் வாதிட்டது. வேகத்தையும் விசையையும் கணக்கிடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்று சொல்லி, 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. ஹில் அசிஸ்ட் பிடிக்காமல் போனதற்கும் இதே நியாயத்தைக் கேட்கலாம். எச்சரிக்கை விளக்கு எரிந்தால் படம் எடுங்கள். சர்வீஸ் ஜாப் கார்டில் குறையை உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லி நகல் வாங்குங்கள். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், சென்னைக்கு அலைய வேண்டாம். 10 முதல் 20 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய காருக்குக் கட்டணம் 400 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து தரும்படி அரசு உத்தரவிடலாம். பழைய கார் வாங்கியவர்கள், அப்படி ஓர் அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று சேசிஸ் எண்ணைச் சொல்லி விசாரியுங்கள்.

விபத்தே நேர்ந்துவிட்டால் முதலில் 108. நமக்குப் பக்கத்தில் மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் கட்டணமின்றிக் கிடைக்கும். இழப்பீட்டு மனுவுக்குச் சட்டம் வைத்திருக்கும் கெடு ஆறு மாதம், தள்ளிப்போடாதீர்கள். விபத்து ஏற்காட்டில் நடந்திருந்தாலும், காயப்பட்டவர் வசிப்பது இங்கே என்றால் அந்த மனுவை விழுப்புரம் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே கொடுக்கலாம்.