கையில் அதிர்வு வரவில்லையா?

புதுச்சேரிக்கு வடக்கே, கனகசெட்டிக்குளம் கடலில் தூண்டில் போடுகிறவருக்கு மீன் கடித்ததைக் கண்ணா சொல்கிறது? கயிற்றைப் பிடித்த விரல் அல்லவா சொல்கிறது! கம்ப்யூட்டர் விளையாட்டுக்காரரின் விரலுக்கும் அப்படிச் சேதி சொல்லத்தான் கைப்பிடிக் கருவியில் அதிர்வு வைத்தார்கள்.

கருவியினுள்ளே இரண்டு சிறிய மோட்டார்கள் உண்டு. பெரும்பாலும் இடப்புறத்தில் கனமானது, வலப்புறத்தில் இலேசானது. எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதால், சுழலும்போது கருவி நடுங்குகிறது.

திரையில் குண்டு வெடித்தும் கை நடுங்கவில்லையா? பணம் வீணாயிற்றே என்று கலங்க வேண்டாம். மோட்டாருக்கு விளையாட்டுதான் உத்தரவிட வேண்டும். அதன் அமைப்புகளில் 'வைப்ரேஷன்' அணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பல விளையாட்டுகளுக்குத் தெரிந்தது 'எக்ஸ்-இன்புட்' முறைதான். கருவி வேறு முறையைச் சேர்ந்ததானால், 'ஸ்டீம் இன்புட்' நடுவில் நின்று மொழிபெயர்க்கும்.

2020-ல் சோனி வெளியிட்ட 'டூயல்சென்ஸ்' நுட்பமானது. மழைத்தூறலையும் மணல் நடையையும் வேறு வேறாக உணர்த்தும். ஆனால் கம்ப்யூட்டரில், பல விளையாட்டுகளுக்கு யு.எஸ்.பி. கம்பி இணைத்தால்தான் அது கிட்டும். புளூடூத்தில் வெறும் நடுக்கமே. சார்ஜ் மட்டும் ஏற்றும் மலிவுக் கம்பியும் உதவாது.

நம் ஊரிலும் இந்த ஆராய்ச்சி நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி. 2022-ல் அறிவித்த 'ஐ-டாட்' திரையில் அசையும் உறுப்பே இல்லை. ஆனாலும் வழவழப்பான அதன் பரப்பைத் தடவினால் விரலுக்குச் சொரசொரப்புத் தெரியும்!

ஆகவே கருவியைக் கடைக்குத் தூக்குமுன் அமைப்பையும் கம்பியையும் சோதியுங்கள். செலவு மிச்சமாகலாம்.